இடது பக்கக் கைப்பிடி

டீ வேண்டாம் சார், இப்பதான் குடிச்சிட்டு வந்தேன். நீங்க எழுதுங்க, நான் நிதானமாவே சொல்றேன். கடைத்தெருவுல கடிகாரம் ரிப்பேர் பண்றவன் நான்தான். நீங்க லாக்கப்புல வச்சிருக்கீங்களே எலக்ட்ரீஷியன், அவர் என் தங்கச்சி வீட்டுக்காரர். மருந்துக்கடைக்காரரும் பஸ் கண்டக்டரும் மாடிப்படியில விழுந்து கை உடைஞ்ச கேஸுக்காக, நாளைக்கு அவரைக் கோர்ட்டுக்குக் கொண்டு போறீங்கன்னு கேள்விப்பட்டேன். அவர் அதைப் பண்ணல சார். ஆனா இத்தனைக்கும் காரணம் அவர்தான்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் சலவைக்கடை மாடியில நாங்க ரம்மி ஆடுவோம். காசு வச்செல்லாம் இல்ல, தோத்தவன் எல்லார் டம்ளரையும் கழுவணும், அவ்வளவுதான். மருந்துக்கடைக்காரர், கண்டக்டர், நான், கடைசியா வந்து சேர்ந்த மாப்பிள்ளை. நான்தான் அவரைக் கூட்டிட்டுப் போனேன். லீவு நாள்ல வீட்டுல மோட்டுவளையப் பாத்துட்டுக் கிடக்காரே, நாலு மனுஷங்களோட பழகட்டுமேன்னு ஒரு நல்லெண்ணம்.

அதுவரைக்கும் சீட்டுப் போடுறது நான். அப்படி ஒண்ணும் சட்டம் இல்ல, பழக்கம்தான். கட்டைக் கலைச்சு, வெட்டக் கொடுத்து, இடது உள்ளங்கையில வச்சு, வலது கையால ஒவ்வொரு சீட்டா போடுவேன். கடிகார முள் சுத்துற பக்கமாவே போகும். ஒரு சீட்டு கோணலா விழாது.

மாப்பிள்ளை முதல் நாளே, "மச்சான், இந்த ஆட்டம் நான் போடட்டுமா?"ன்னார். தாராளமா போடுங்கன்னேன். கட்டை வலது கையில வச்சுக்கிட்டு இடது கையால போட்டார். அதோட விட்டிருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேன். முள்ளுக்கு எதிர்ப்பக்கமா சுத்திப் போட்டார்.

"அடேங்கப்பா, என்ன வேகம்! எங்க வேலைக்கு வந்திருந்தா இந்நேரம் செக்கர் ஆயிருப்பீங்க"ன்னார் கண்டக்டர். மருந்துக்கடைக்காரர் அதுக்கு மேல. "இனிமே மாப்பிள்ளையே போடட்டும்பா. கடிகாரக்காரர் போட்டு முடிக்கறதுக்குள்ள எனக்குக் கொட்டாவி வந்துடுது." எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அன்னிக்கு டம்ளர் கழுவினது நான். அடுத்த வாரமும் நான், அதுக்கடுத்த வாரமும் நான்.

பொறாமைன்னு எழுதிடாதீங்க சார். எனக்கு அந்தக் குணமே கிடையாது. எதுவும் முறைப்படி நடக்கணும்னு நினைக்கிறவன், அவ்வளவுதான். தனியா கூப்பிட்டு, "மாப்பிள்ளை, வலது கையால போட்டுப் பழகுங்களேன்"னு தன்மையாத்தான் கேட்டேன். "ரெண்டும் என் கைதானே மச்சான்"னு சொல்லிட்டுச் சிரிச்சார். அன்னிக்கு ராத்திரி நான் சாப்பிடாமலே படுத்துட்டேன்.

அப்புறம் யோசிச்சேன். இடது கைக்குக் கொஞ்ச நாள் ஓய்வு கொடுத்தா வலது கை தானா பழகிக்கும். அதுக்கு ஒரு சின்னச் சுளுக்கு போதும். ஒரு வகையில உதவின்னே சொல்லலாம்.

அந்த மாடிப்படிக்கு ரெண்டு பக்கமும் மரக் கைப்பிடி உண்டு. இறங்கும்போது நாங்க எல்லாரும் வலது பக்கம் பிடிச்சு இறங்குவோம். அவர் ஒருத்தர்தான் இடது பக்கம் பிடிப்பார். நல்லா கவனிச்சு வச்சிருந்தேன். அந்தக் கைப்பிடிய மட்டும் கொஞ்சம் தளர்த்தினா வேற யார் மேலயும் ஒரு தூசு படாது. அந்த விஷயத்துல நான் ரொம்ப ஜாக்கிரதை சார்.

ஞாயித்துக்கிழமை காலையில போய், மேல்படியில நின்னு, இடது பக்கம் எதுன்னு ஒண்ணுக்கு ரெண்டு தடவை பாத்துக்கிட்டு, ஒரு திருகைக் கழட்டினேன். ஒண்ணுன்னா, ஒண்ணுல ஆரம்பிச்சேன். எல்லாத்தையும்தான் கழட்டினேன். ஒண்ணு ரெண்டை விட்டா அது சுவர்க் காரையையும் பேத்துக்கிட்டு வரும், சலவைக்கடை ஓனருக்கு வீண் நஷ்டம். ஓட்டையில சோப்பை அடைச்சு, திருகை அதுல சொருகி வச்சேன். பாத்தா தெரியாது. படி செங்குத்து, கீழ சிமெண்டுத் தரை. ஒரு மெத்தையாவது விரிச்சு வைக்கலாமான்னு கூட யோசிச்சேன். ஈவு இரக்கம் இல்லாதவன் இல்ல நான். மெத்தை கிடந்தா யாராவது ஏன்னு கேப்பாங்களேன்னு விட்டுட்டேன்.

என்கிட்ட இருக்கற ஸ்க்ரூடிரைவர் எல்லாம் கைக்கடிகாரத்துக்கானது, ஊசி மாதிரி இருக்கும். அதனால மாப்பிள்ளை பையில இருந்துதான் ஒண்ணு எடுத்துட்டுப் போனேன். அதைப் படிக்கடியில மறந்துட்டு வந்தது தப்பு. அந்தத் தப்பை நான் ஒத்துக்கறேன்.

மத்தியானம் நான் ரெண்டு கையிலயும் டம்ளரைத் தூக்கிக்கிட்டு முன்னாடியே மேல போய் உட்கார்ந்திருந்தேன். அடுத்ததா மாப்பிள்ளை, வழக்கம்போல இடது கையால, நான் தொடாத கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு விசிலடிச்சிட்டே ஏறி வந்தார். கட்டை எடுத்துக் கலைக்க ஆரம்பிச்சார். அப்ப கீழ மருந்துக்கடைக்காரர் குரல் கேட்டது. பின்னாலயே கண்டக்டர்.

படின்னா அதுல ஏறவும் செய்வாங்கங்கறது அந்த நிமிஷம் வரைக்கும் எனக்குத் தோணவே இல்ல சார். என் மனசெல்லாம் அவர் இறங்கறதுலயே இருந்தது. இறங்கறவனுக்கு இடது பக்கம், ஏறுறவனுக்கு வலது பக்கம் இல்லையா? மருந்துக்கடைக்காரர் பாதிப் படி வந்ததும் வலது கையால நல்லா இழுத்துப் பிடிச்சார். கைப்பிடி அவரோடவே போயிடுச்சு. கனத்த சரீரம். ஓடுற பஸ்ஸுல எதையும் பிடிக்காம நிக்கற கண்டக்டர், அசையாத படியில அவருக்கு அடியில கிடந்தார். ஒருத்தருக்கு மணிக்கட்டு, ஒருத்தருக்கு முழங்கை. ரெண்டு பேருக்கும் வலது கை. மாப்பிள்ளைதான் சீட்டைப் போட்டுட்டு ஓடினார், ரெண்டு பேரையும் தூக்கிட்டுப் போய் ஆஸ்பத்திரியில சேர்த்தார்.

ஓனர் வந்து, யார் பாத்த வேலைன்னு குதிச்சார். நான் யாரையும் காட்டிக் கொடுக்கல. "அந்தப் பக்கம் பிடிச்சு ஏறாத ஆள் யாருன்னு யோசிங்க"ன்னு மட்டும் சொன்னேன். ஸ்க்ரூடிரைவர் யாருதுன்னு உங்க கான்ஸ்டபிள் கேட்டார். மாப்பிள்ளையோடதுன்னேன். பொய் சொல்ற பழக்கம் எனக்குக் கிடையாது.

தங்கச்சி கடைக்கே வந்து அழுதா. "அண்ணா, அவர் யாருக்காவது கெடுதல் நினைப்பாரா? நீ ஒரு வார்த்தை சொல்லேன்"ன்னா. பாவமாத்தான் இருந்தது. தண்ணி குடிக்க வச்சு அனுப்பிட்டு, ரெண்டு கடிகாரம் பாக்கி இருந்தது, அதை முடிச்சேன்.

அப்ப எதுக்கு இன்னிக்கு வந்தேன்னு கேக்கறீங்க. மனசாட்சின்னு எழுதிக்கங்க. காலையில மாப்பிள்ளைக்குச் சாப்பாடு கொண்டு வந்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அவரும் ஒரு பிக்பாக்கெட்டும், இந்தப் பக்கம் உங்க கான்ஸ்டபிள் ரெண்டு பேரும் உட்கார்ந்திருந்தாங்க. நடுவுல சீட்டு. மாப்பிள்ளை கம்பி வழியா இடது கையை நீட்டிப் போட்டுக்கிட்டிருந்தார். அதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன். அடுத்த ஆட்டம் அதுல ஒரு கான்ஸ்டபிள் போட்டார். வலதுகைக்காரர் சார் அவர், என் கண்ணு முன்னாலதான் வலது கையால ரிஜிஸ்டர்ல எழுதினார். அந்த மனுஷன் இடது கையால, மாப்பிள்ளை மாதிரியே எதிர்ப்பக்கமா போடறார். "இப்படிப் போட்டா நல்ல சீட்டா வருதுய்யா"ங்கறார். டிபன் கேரியரை வச்சிட்டு நேரா உங்ககிட்ட வந்துட்டேன்.

கையெழுத்து எங்க போடணும்? மாப்பிள்ளைய இப்பவே விட்டுடுங்க, தங்கச்சி வாசல்ல நிக்கறா. அவர் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லன்னு சொல்லுங்க. என்னை அந்த அறையிலயே போட்டுடுங்க சார். சீட்டுக்கட்டை மட்டும் விட்டுட்டுப் போகச் சொல்லுங்க. இனிமே அங்க நான் போடறேன்.