கசார்வாடிக் கைப்பம்பின் முதல் டம்ளர்

மண்ணின் மனமறிந்த மாண்பாளரே, ஆய்வில் அயராத அறிவாளரே, கொங்கு நாட்டில் பிறந்து பவனா நதிக்கரையில் பணிபுரிந்து, நிக்டி மையத்தின் நூலறைக்கும் கருவியறைக்கும் நிழலாய் நின்ற நேரிய நெஞ்சினரே, எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருசேர உரிய அகல்யா அம்மையாரே, வணக்கம்.

உங்கள் பணி நிறைவு விழாவில் சற்றுமுன் மராத்தி மடலை வாசித்தார்கள், அதற்கு முன் ஆங்கில மடல். இது தமிழ் மடல். இந்த மையத்தில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் ஐந்து பேர். அதில் தீப்திக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்பதால் அவர் கையெழுத்தோடு நிறுத்திக்கொண்டார். முன்வரிசையில் உட்கார்ந்து பக்கத்தில் இருப்பவருக்கு இதை மராத்தியில் சொல்லும் வேலையையும் ஏற்றுக்கொண்டார். பாராட்டு மடல் என்றால் ‘நீங்கள்’ என்று எழுதுவதுதான் முறை. ஆனால் முதல் வரியிலேயே கையைத் தூக்கி, “போதுமுங்க, வேற வேலையப் பாருங்க” என்று நீங்கள் எழுந்துவிடுவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே அகல்யா என்ற வேறொரு அம்மையாரைப் பற்றிப் பேசுவது போலவே பேசுகிறோம். மாலையைக் கழற்றாமல் உட்கார்ந்து கேளுங்கள்.

கோவையில் வேதியியல் படித்துவிட்டு, ராணுவக் கணக்குத் துறை அருணாச்சலம் அவர்களைக் கைப்பிடித்துப் புனே வந்து சேர்ந்தவர் அந்த அம்மையார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்த மையம் பிறந்தபோது, நச்சுக்கழிவு புதைந்த நிலத்தைச் சோதிப்பது எப்படி, சுத்தம் செய்வது எப்படி என்று கேட்டால் பதில் சொல்லப் பக்கத்தில் ஆளில்லை. அவர் ஊர் ஊராக, நாடு நாடாக எழுதிப்போட்டுக் கையேடுகளை வரவழைத்தார். மண்ணைத் துளைக்கும் கோல்கள், மாதிரி எடுக்கும் புட்டிகள், பின்னாளில் குறுந்தகடுகள் என்று ஓர் அறையையே நிரப்பினார். தளேகாவ் ஆலைக்காரர்கள் முதல் நகராட்சிப் பொறியாளர்கள் வரை இரவல் கேட்டு அந்த அறை வாசலில் வந்து நின்றார்கள். துளைக்கோலைக் கழுவாமல் திருப்பிக் கொடுத்தவர்கள் பட்ட பாட்டை இங்கே விவரிக்கப் போவதில்லை. “இதுல யாரு ஊட்டு மண்ணுங்க ஒட்டீட்டிருக்குது?” என்று அவர் கேட்கும் தோரணைக்கே பெரிய பெரிய அதிகாரிகள் குழாயடிக்குப் போயிருக்கிறார்கள். எங்கள் அப்துல் காதர் இரண்டு முறை போயிருக்கிறார்.

இதெல்லாம் அவருடைய திறமை. நாங்கள் அவரைக் கொண்டாடுவது அவர் செய்த ஒரு தவறுக்காக.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. கசார்வாடியில் பழைய மும்பை சாலையை ஒட்டி, உலோகங்களுக்கு முலாம் பூசும் பட்டறை ஒன்று மூடிக் கிடந்தது. அந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு எழுப்ப ஏற்பாடாகி, நிலத்தில் நஞ்சு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் வேலை எங்கள் மையத்துக்கு வந்தது. முலாம் பட்டறை என்றால் குரோமியத்தைத் தேட வேண்டும். ஆனால் தக்காணத்துப் பாறை மண்ணில் இயல்பாகவே குரோமியம் அதிகம். கிடைப்பது இயற்கையா, பட்டறையின் கைங்கரியமா என்று பிரித்தறிய, பட்டறையின் கை படாத இடத்திலிருந்து கொஞ்சம் மண் எடுத்து ஒப்பிட வேண்டும். அந்த ஒப்பீட்டு மண்ணை எங்கள் அறையில் ‘கன்ட்ரோல்’ என்போம்.

கன்ட்ரோல் எடுக்கும் இடத்தை அம்மையாரே தேர்ந்தெடுத்தார். கையேட்டில் சொன்னபடி மேட்டுப் பக்கம், பட்டறைச் சுவருக்கு அப்பால், வரிசையாக ஒட்டிக் கட்டிய ‘சால்’ வீடுகளுக்குப் பின்னால் பையன்கள் கிரிக்கெட் ஆடும் மைதானம். சோதித்துப் பார்த்தால் பட்டறை மண்ணும் மைதான மண்ணும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்தன. எல்லாம் பாறையின் இயல்பு, நஞ்சு இல்லை, தண்ணீரைச் சோதிக்க வேண்டிய அவசியமும் இல்லை என்று அறிக்கை எழுதிக் கையெழுத்திட்டார். மையத்தின் தலைமைப் பொறுப்பு அவருக்குத்தான் என்று அப்போதே பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது.

ஆய்வு நடந்த நாட்களில் சால் வீடுகளில் ஒன்றில் குடியிருந்த மங்களாதாயி அவருக்குப் பழக்கமாகியிருந்தார். சங்கராந்தி முடிந்ததும் மராத்திப் பெண்கள் வீட்டுக்கு வீடு நடத்துகிற மஞ்சள் குங்குமத்துக்கு, மதராசி டாக்டரம்மா வந்தே ஆகவேண்டும் என்று ஆளனுப்பிவிட்டார். அம்மையார் டாக்டர் இல்லை. அதைச் சொல்லிப் பார்த்தும் யாரும் கேட்கவில்லை. எங்கள் ஸ்ரீலக்ஷ்மியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பட்டுப்புடவையில் போனார். மஞ்சள் குங்குமம் கொடுத்தார்கள், எள்ளுருண்டை கொடுத்தார்கள். எள்ளுருண்டைக்குப் பின் டம்ளரில் வாசல் கைப்பம்புத் தண்ணீர் வந்தது. தான் கையெழுத்திட்ட அறிக்கை இருக்கும் தைரியத்தில் முழு டம்ளரையும் குடித்துவிட்டு, இன்னொன்றும் வாங்கிக் குடித்தார்.

கிளம்பும்போது செருப்பு மாட்டக் குனிந்தவர் குனிந்தபடியே நின்றுவிட்டார். மைதானத்துப் பக்கச் சுவரின் அடியில், ஈரம் காய்ந்த இடத்தில், மஞ்சளாக உப்புப் பூத்திருந்தது. குரோமியத்தோடு பழகியவர்களுக்கு அந்த மஞ்சள் தெரியும். மைதானத்தைக் காட்டி, இந்த மண் இங்கே எப்போதிலிருந்து இருக்கிறது என்று கேட்டார். மங்களாதாயி சிரித்தார். “அஹோ தாயி, தீ மாதீ கம்பனிச்சீச் ஆஹே” என்றார். அது கம்பெனியின் மண்தானாம். அந்த இடம் முன்பு பெரிய பள்ளமாக இருந்ததாம். மழைக்காலத்தில் கொசு பிடுங்குகிறது என்று இவர்கள் போய்க் கேட்டதற்கு, பட்டறை முதலாளி தன் கொல்லை மண்ணை லாரி லாரியாக அனுப்பிச் சமப்படுத்திக் கொடுத்தாராம். ரொம்ப நல்ல மனுஷன் என்றும் சேர்த்துச் சொன்னார்.

திரும்பும் வழியில், ஆட்டோ நிக்டியை நெருங்கும்போது அம்மையார் ஸ்ரீலக்ஷ்மியின் கையைப் பிடித்துக்கொண்டு, “திருடனையே சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கறேன் கண்ணு. அந்தக் கொழந்தைக எல்லாம் இதைத்தானே குடிக்குது” என்றார். அவர் அழுததை ஸ்ரீலக்ஷ்மி அன்றுதான் பார்த்தார், பிறகு பார்க்கவில்லை.

மறுநாள் காலை இயக்குநர் அறைக்குப் போய் அறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும் என்றார். அன்றைய இயக்குநர் கெட்டவர் அல்லர். மையத்தின் பெயர் கெட்டுவிடுமே என்று பயந்தவர். “ஜானே தீஜியே, விட்டுவிடுங்கள், அகல்யாஜி. ரிப்போர்ட் போய்விட்டது, பூமி பூஜைக்கு நாள் குறித்துவிட்டார்கள். யார் வந்து கேட்கப் போகிறார்கள்?” என்றார். தலைமைப் பொறுப்பு என்ன ஆகும் என்பதையும் நாசூக்காக நினைவூட்டினார். அம்மையார், “ரெண்டு டம்ளர் குடிச்சிட்டு வந்திருக்கறேனுங்க. நானே கேக்கறேன்” என்று, இந்தி மறந்துபோய்த் தமிழிலேயே சொல்லிவிட்டு வெளியே வந்தார். உடன் போயிருந்த எங்கள் விச்சுதான் இயக்குநருக்கு மொழிபெயர்த்தார். பொறுப்பு வேறொருவருக்குப் போயிற்று. அம்மையாரிடம் அது வந்து சேர ஐந்து வருடம் ஆயிற்று.

தண்ணீரைச் சோதித்தபோது அம்மையார் பயந்தபடியே இருந்தது. கைப்பம்புக்குச் சிவப்புச் சாயம் அடித்துச் சங்கிலி போட்ட அன்று, சால் வீட்டுக்காரர்கள் எல்லோரும் வாசலில் திரண்டு நின்றார்கள். இனி முக்கியச் சாலைக் குழாய்க்குப் போய்க் குடம் சுமக்க வேண்டும். மைதானமும் தோண்டப்படும் என்று தெரிந்து பையன்கள் முறைத்தார்கள். மஞ்சள் குங்குமம் கொடுத்து அழைத்தது இதற்குத்தானா என்று மங்களாதாயி கேட்டார். இதை மறுபடி எப்போது குடிக்கலாம், அதையாவது சொல்லுங்கள் என்றார். தேதி சொல்ல எந்தக் கையேட்டிலும் வழி இல்லை. அம்மையார் மராத்தியில் ஒன்றே ஒன்று சொன்னார்: “ஆதீ மீ பியீன், மக் தும்ஹீ.” முதலில் நான் குடிப்பேன், பிறகுதான் நீங்கள். அதன்பின் ஒரு வருடம் மங்களாதாயியின் வீட்டுக் கதவு அவருக்குத் திறக்கவில்லை.

மைதானத்து மண்ணை வாரிப் பாதுகாப்பான கிடங்குக்கு அனுப்பினோம். நிலத்தடி நீரில் கலந்ததை வாரி எடுக்க முடியாது. அதற்கு அவருடைய அறையிலிருந்த வெளிநாட்டு ஆய்வுத் தொகுப்பு ஒன்று வழி சொன்னது. சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகைத் துளைக்கிணறுகளில் ஊற்றினால், மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதைத் தின்று பெருகி, கரைந்து ஓடும் நச்சுக் குரோமியத்தைக் கரையாத சாதுவாக மாற்றி மண்ணோடு ஒட்டவைத்துவிடும். கழிவுப்பாகு என்றதும் சாராயம் காய்ச்சவா என்று கலால் அலுவலகத்தில் கேட்டார்கள். மண்ணுக்கு வெல்லம் ஊட்டுகிற மதராசி அம்மா என்று கசார்வாடி முழுவதும் சிரித்தது. அவர் மழைக்கு முன்னும் மழைக்குப் பின்னும் போய் ஊற்றினார், எடுத்தார், சோதித்தார். இரண்டாம் வருடச் சங்கராந்திக்கு மங்களாதாயி கதவைத் திறந்து எள்ளுருண்டை கொடுத்தார். சாலைக் குழாய்த் தண்ணீரையும் கொடுத்தார். அதுமுதல் ஒரு வருடம்கூடத் தவறவில்லை.

மையத்தின் கள வழிகாட்டி இன்று மூன்று மொழிகளில் மாநிலம் எங்கும் போகிறது. அதில் கருவிகளுக்கெல்லாம் முன்னால் ஒரு விதி இருக்கிறது: கன்ட்ரோல் எடுக்கும் முன் அந்த இடத்தில் குடியிருப்பவர் வீட்டில் உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும், இந்த மண் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். அரசு ஆய்வாளர் ஒருவர் இந்த விதியை அடித்துவிடச் சொன்னார். அம்மையார் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, அடிக்காமல் அனுப்பிவைத்தார்.

இனி ‘அவர்’ வேண்டாம். உங்களிடமே பேசுகிறோம், அம்மா.

உங்கள் முன்னால் மேசையில் தட்டு போட்டு மூடி ஒரு டம்ளர் இருக்கிறது. மாலைக்கும் சால்வைக்கும் நடுவே நீங்கள் அதைக் கவனித்திருக்க மாட்டீர்கள். இன்று காலை கசார்வாடிக் கைப்பம்பின் சங்கிலியைக் கழற்றி, பம்பை அடித்துக் கொண்டுவந்த தண்ணீர் அது. உங்களிடம் சொல்லாமல் சேஷுவும் அப்துல் காதரும் போன மழைக்கு முன்னும் பின்னும், இந்தக் கோடையிலும் எடுத்துச் சோதித்தார்கள். ஒவ்வொரு தடவையும் நம் ஆய்வகத்திலும் வெளி ஆய்வகத்திலும். குடிக்கலாம் என்று இரண்டும் சொல்லிவிட்டன.

“கன்ட்ரோல் எங்கிருந்துங்க எடுத்தீங்க?” என்று உங்கள் உதடு அசைவது இங்கிருந்தே தெரிகிறது. டீ குடித்துவிட்டுத்தான் எடுத்தோம். இடம் காட்டியவர் முன்வரிசையில் தீப்தியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

வாழ்நாள் எல்லாம் பிறர் குடிக்கும் நீருக்காக வருந்திய நீங்கள், கணவரோடும் மக்களோடும் நோயின்றிக் குறையின்றி நெடுங்காலம் நிறைவாக வாழ வேண்டும். கையெழுத்திட்டுத் திரும்பப் பெற்ற அந்த ஓர் அறிக்கைக்காக, உங்களோடு வேலை பார்த்தோம் என்று எங்கள் பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம்.

தட்டை எடுங்கள், அம்மா. மங்களாதாயி கையிலும் ஒரு டம்ளர் இருக்கிறது. நீங்கள் குடிக்கட்டும் என்று பத்து வருடமாக அவர் காத்திருக்கிறார்.

நீங்காத அன்புடன்,
விச்சு, ஸ்ரீலக்ஷ்மி, சேஷு, அப்துல் காதர், தீப்தி
மையத்தின் தமிழ்ப் பணியாளர்கள்
நிக்டி, புனே
மே 2008