என் அண்ணன் குடித்ததில்லை

இந்த அவையை நடத்திச் செல்லும் தலைவர் அவர்களே! சக்கரம் பிடித்துப் பிடித்துக் கை காய்த்துப்போன ஓட்டுநர்களே! நாள் முழுதும் நின்று கால் கடுத்த நடத்துநர்களே! கிரீஸ் கறையைக் கழுவக்கூட நேரமின்றி ஓடிவந்திருக்கும் பணிமனைத் தோழர்களே! பெரியோர்களே, தாய்மார்களே! முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் என் அண்ணியே! அனைவரையும் தலைவணங்கி... இல்லை, இன்று தலைநிமிர்ந்தே வணங்குகிறேன்!

மேடையேறிப் பழகியவள் அல்ல நான். "உள்ள தள்ளி நில்லுங்க, படியில நிக்காதீங்க" என்று இருபத்திரண்டு ஆண்டுகள் கத்திக் கத்தி உரமேறிய தொண்டை இது. சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். சற்று நேரத்தில் சிரிப்பு தானாக நின்றுவிடும்.

என் அண்ணன் இதே பணிமனையில் ஓட்டுநர். நீங்கள் வைத்த பெயர் "நிதானம்". நிறைமாதக் கர்ப்பிணி ஏறினால் பள்ளத்தில் வண்டியைப் பூப்போல இறக்குவார் என்பதால் வந்த பெயர். அந்த நிதானத்துக்கு என்ன நேர்ந்தது? முதலில் இரண்டு கைகளும் மரத்தன. மணிக்கட்டில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். பிறகு பாதம் மரத்தது. உட்கார்ந்து எழுந்தால் தலை சுற்றியது. சுவரைப் பிடித்தார், தூணைப் பிடித்தார், ஒரு காலையில் எல்லோர் கண்முன்னும் விழுந்தார். உடனே என்ன சொன்னது இந்த உலகம்? குடி!

ஊதச் சொன்னார்கள், ஊதினார். கருவி ஒன்றும் காட்டவில்லை. மறுபடி ஊதச் சொன்னார்கள், மறுபடியும் ஒன்றுமில்லை. என்ன எழுதினார்கள் தெரியுமா? "கருவி பழுது"! நிதானம் என்ற பெயருக்குரியவரை "நிதானமின்றிப் பணிக்கு வந்தார்" என்று எழுதி, அறிவிப்புப் பலகையில் ஒட்டி, வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டே ஆண்டு. நெஞ்சு நின்றது. போய்விட்டார்.

சென்ற ஆண்டு என் விரல் மரத்தது. டிக்கெட்டைக் கிழித்தால் ஒன்று வந்ததா, இரண்டு வந்ததா என்று தெரியவில்லை. பாதத்தில் ஆணி ஏறியதைச் செருப்பில் ரத்தம் பார்த்துத்தான் அறிந்தேன். நரம்பு மருத்துவரம்மா என் வயிற்றிலிருந்து துளிக் கொழுப்பை எடுத்து, ஒரு சிவப்புச் சாயம் ஏற்றி, தனி விளக்கொளியில் நுண்ணோக்கி வழியே பார்த்தார். பச்சையாக மின்னியது. "இதுதாம்மா அமிலாய்டு" என்றார்.

"அப்படின்னா என்ன டாக்டர்?"

"நம்ம உடம்புல இருக்கிற புரதம் ஒவ்வொண்ணும் ஒரு நீளச் சங்கிலிம்மா. சரியா மடிஞ்சாத்தான் வேலை செய்யும். உங்க கல்லீரல் செய்யிற ஒரு புரதம், நாலு துண்டு சேர்ந்து ரத்தத்துல சரக்கு சுமக்கிற புரதம். அதுல ஒரே ஒரு கண்ணி பிறவியிலேயே மாறியிருக்கு. அதனால நாலும் கழண்டு, தப்பா மடிஞ்சு, ஒண்ணுமேல ஒண்ணு ஒட்டி இழையாயிடுது. அந்த இழை நரம்புலயும் இதயத்துலயும் போய்ப் படியுது. மணிக்கட்டு, பாதம், எந்திரிச்சா தலைசுத்தல், எல்லாம் அதனாலதான்."

நான் அழவில்லை, தோழர்களே! எழுந்து நின்றேன். "டாக்டர், எங்கண்ணன் குடிக்கல!" என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "அண்ணனுக்குக் கையில ஆபரேஷன் பண்ணாங்கன்னீங்களே, எந்த ஆஸ்பத்திரியில?" என்று கேட்டார். அன்று வெட்டியெடுத்த சிறு சதையை அந்த மருத்துவமனை மெழுகில் பதித்துப் பத்திரப்படுத்தியிருந்தது! எடுத்தார்கள். சாயம் ஏற்றினார்கள். அதே பச்சை!

முடிவு வந்த அன்று மாலையே அண்ணி வீட்டுக்கு ஓடினேன். அண்ணி அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். "தெனமும் அவர் வாயை மோந்து பாத்தேனே... ஒரு நாளும் வாடை அடிக்கல. அப்பவும் நான் நம்பலையே" என்றார். அண்ணி, அந்தக் குற்றம் உங்களுடையதல்ல! அந்தச் சந்தேகத்தை உங்கள் வீட்டுக்குள் அனுப்பியது ஒரு காகிதம்!

உறவினர் சும்மா இருந்தார்களா? "பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குது. பரம்பரை நோய்னு ஊரைக் கூட்டிச் சொல்லுவியா?" என்றார்கள். பதில் சொன்னது என் மகள்: "சொல்லும்மா. மறைச்சாத்தான் கூட்டிட்டுப் போவாங்கன்னா, அந்த வீடு எனக்கு வேணாம்." கை தட்டுங்கள், அவளுக்குத் தட்டுங்கள்!

அந்த அறிக்கையை நீக்கச் சொல்லி மேலாளரிடம் போனேன். இரண்டு முறை திருப்பி அனுப்பினார். மூன்றாம் முறை நாற்பத்தொரு பேர் என்னோடு வந்தீர்கள். அப்போதும் என்ன சொன்னார்? "கடிதம் தபால்ல வரும்மா, வீட்ல வச்சுக்கங்க."

நான் கேட்டேன்: "குடிகாரன்னு பலகையில ஒட்டுனீங்க சார். குடிக்கலைங்கிறதை மட்டும் உறையில போட்டு ஒட்டுவீங்களா?"

அதனால்தான் இந்த மேடை! அதனால்தான் இந்த ஒலிபெருக்கி!

என் புரதம் தப்பாக மடியலாம். நாலு துண்டும் பிரியாமல் பிடித்துவைக்க மாத்திரை விழுங்குகிறேன். போன உணர்ச்சி திரும்பாது, மீதியையாவது காக்கும் என்கிறார்கள். ஆனால் ஒரு மனிதனின் பெயரைத் தப்பாக மடித்துக் கோப்புக்குள் வைக்க எவருக்கு உரிமை? எவருக்கு?

அன்று "தள்ளாடினார், பார்த்தேன்" என்று சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். பெயர் சொல்ல மாட்டேன். தள்ளாடியது உண்மை. ஏன் என்று ஒருவராவது கேட்டீர்களா?

இனிக் கேளுங்கள்! இரு கையும் மரத்தவர், பாதத்தில் உணர்வு தெரியாதவர், எழுந்தால் தலை சுற்றுகிறவர் இருந்தால், பக்கத்து அறையில் மருத்துவரம்மா காத்திருக்கிறார். எல்லா மரப்பும் இந்த நோயல்ல. ஆனாலும் வெட்கப்படாமல் போங்கள்.

இப்போது எல்லோரும் எழுந்து நில்லுங்கள். மேலாளர் கையொப்பமிட்ட ஆணையைப் படிக்கிறேன்: "மேற்படி ஓட்டுநர் பணியின்போது மது அருந்தியிருக்கவில்லை. அவர் நோயுற்றிருந்தார். முந்தைய அறிக்கை நீக்கப்படுகிறது."

செவிகொடுத்தவர்களுக்கும், தோள்கொடுத்த நாற்பத்தொருவருக்கும், சாயமேற்றிய கைகளுக்கும் என் நன்றி. அண்ணி, மேலே வந்து இந்தக் காகிதத்தை வாங்கிக்கொள்ளுங்கள். வணக்கம்!