வாடை இல்லாத வண்டி

மிளகு பொல்லாத சரக்கு, ஐயா. பக்கத்தில் எதை வைத்தாலும் அதன் வாடையை இழுத்துக்கொள்ளும். மண்ணெண்ணெய் டின் இருந்த இடத்தில் ஒரு மூட்டையைப் போட்டு வைத்துப் பாருங்கள், அந்த மிளகில் வைத்த ரசத்தை வாயில் வைக்க முடியாது. நீங்கள் அன்று மத்தியானம் நடந்ததை மட்டும் கேட்கிறீர்கள். அங்கிருந்து ஆரம்பித்தால் ஒன்றும் விளங்காது. மிளகிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

நான் மலைக்காரன் இல்லை. கீழே புளியஞ்சோலைப் பக்கம், மரவள்ளி போடுகிற குடும்பம். துறையூரில் டீசல் பம்ப் சரிசெய்கிற கடையில் தொழில் கற்றேன். ஒரு வண்டி என் கைக்கு வந்தால் வந்தபடியே திரும்பிப் போகாது. ஏதாவது ஒன்றைக் கூட்டியோ குறைத்தோதான் அனுப்புவேன், அது என் குணம். மலைமேல் செம்மேட்டுக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிற மிளகு குடோனுக்கு முதலாளி என்னைக் கூப்பிட்டபோது, அங்கே ஒரு பழைய ஃபோர்க்லிஃப்ட் பேருக்கு நின்றுகொண்டிருந்தது. சேலத்தில் யாரோ கழித்துக்கட்டிய டீசல் வண்டி. முன்னால் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு இரும்பு முள்ளையும் பார்த்துவிட்டுப் பெருமாயி அக்கா அதற்குக் கொம்பு வண்டி என்று பெயர் வைத்திருந்தார்.

பெருமாயி அக்காவைப் பற்றியும் கலைச்செல்வியைப் பற்றியும் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். செத்துப்போனவர்கள் என்பதற்காகச் சொல்லவில்லை, நல்ல வேலைக்காரர்கள். பெருமாயி அக்கா மலையிலேயே பிறந்தவர், தேவனூர் நாட்டுக்காரர். மிளகைப் புடைத்துச் சலிப்பது அவர் வேலை. கலைச்செல்வி அவருடைய அண்ணன் மகள், அவள்தான் வண்டி ஓட்டுவாள். ஒரு பெண்பிள்ளை ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவதை பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் கழுத்தை நீட்டிப் பார்ப்பார்கள். கற்றுக்கொடுத்தது நான். நான் பாதி சொல்லும்போதே மீதியை அவள் செய்து முடித்திருப்பாள்.

பிரச்சினை புகைதான். டீசல் வாடை அடிக்கிறது என்று ஒரு லோடு மிளகை வாங்கினவர்கள் அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஷட்டரைத் திறந்து வைத்தால் மூடுபனி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும், மிளகு ஈரம் கோத்துப் பூஞ்சணம் பிடிக்கும். மூடினால் புகை. முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "பூபதி, நீதாம்ப்பா ஒரு வழி பண்ணணும்" என்றார்.

பண்ணினேன். டீசல் என்ஜினை இறக்கிவிட்டு, பழைய வேன் ஒன்றின் பெட்ரோல் என்ஜினை ஏற்றி, அதை கேஸில் ஓடவைத்தேன். சிலிண்டருக்குப் பின்பக்கம் ஒரு தொட்டில் அடித்தேன். தூக்குகிற சங்கிலியை மாற்றினேன், சீட்டுக்கு ஸ்பிரிங் வைத்தேன். வேலை ருசி கண்டுவிட்டால் கை நிற்காது. பிற்பாடு, குடோன் சுவரில் நின்று கிடந்த கடிகாரத்தைக்கூட ஓடவைத்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் நாள் ஓட்டி முடித்ததும் பெருமாயி அக்கா ஒரு கை மிளகை அள்ளி மோந்து பார்த்தார்.

"வாடையே இல்ல சாமி. நீ நல்லா இருப்பே கண்ணு" என்றார்.

என் தொழிலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கண்டதில்லை. அதை மறைக்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு குறை இருந்தது. லாரியில் ஏற்றும் சாய்தளத்தில் சுமையோடு ஏறும்போது வண்டி திணறி நின்றுவிடும். மலைமேல் காற்று அடர்த்தி குறைவு. என்ஜினை கேஸுக்கு மாற்றுகிற கிட்டை விற்றவர், காற்றுக்குத் தகுந்தபடி கேஸையும் குறைத்து வையுங்கள் என்று சொல்லியிருந்தார். குறைத்தால் இழுவை போய்விடும். ஆகவே நான் கூட்டி வைத்தேன். கூட்டின பிறகு, ஐயா, முழுச் சுமையோடு இளங்காளை போல ஏறியது. என்ன, கேஸ் முழுசாக எரியாது. அடுப்பில் பாதி வெந்த சோறு மாதிரி, பாதி எரிந்த கேஸ் வேறொன்றாக மாறி வெளியே வரும். அதற்கு நிறம் இல்லை, வாடை இல்லை. மூடின இடத்தில் சேர்ந்தால் ஆளைக் கொல்லும். அது எனக்குத் தெரியாது என்று சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன்.

கிட்டோடு ஒரு சின்னப் பெட்டியும் கொடுத்திருந்தார்கள், சுவரில் மாட்டுவதற்கு. "இது கத்துச்சுன்னா கேள்வி கேக்காம எல்லாத்தையும் வெளிய கூட்டிட்டு வந்துருங்க" என்றுதான் அவர் சொன்னார். கேஸைக் கூட்டிய பிறகு அது அடிக்கடி அலறியது. அலறினால் இரண்டு பேரும் போட்டது போட்டபடி வெளியே ஓடுவார்கள், ஷட்டரைத் தூக்குவார்கள், பனி புகுந்துவிடும். ஒரு வேலையும் உருப்படியாக நடக்கவில்லை. அந்தப் பெட்டி அலறாதபடி செய்தேன். கெட்டுப்போய்விட்டது என்று சொன்னேன், நம்பினார்கள்.

கலைச்செல்வி மட்டும் விடவில்லை. "அண்ணா, தல கிறுகிறுன்னு வருதுங்க. வெளிய வந்து நின்னா சரியாயிருது. பொகக் கொழாய நீட்டி வெளிய உட்டுரலாமுங்களா?" என்று கேட்டாள். கெட்டிக்காரப் பெண், சரியான கேள்விதான். ஆனால் குழாயை நீட்டினால் இழுவை குறையும். காலையில் சாப்பிடாமல் வந்தால் அப்படித்தான் கிறுகிறுக்கும் என்று சொல்லி அனுப்பினேன். அவள் போய் ஷட்டரை ஒரு சாண் தூக்கிவிட்டாள். நான் இறக்கினேன். மறுநாளும் தூக்கினாள். டீசல் இருந்த காலத்தில் வாடை ஏறினால் யாரும் சொல்லாமலே தூக்கிவிடுவார்கள். இப்போது வாடை இல்லாமலே தூக்குகிறாளே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. என் வேலையில் குறை சொல்கிற மாதிரி இருந்தது.

ஆத்தூர் பக்கத்துச் சவ்வரிசி மில்காரர்கள் வண்டியைப் பார்க்க வருவதாக இருந்தது. பிடித்துப்போனால் அவர்களுடைய வண்டிகள் எல்லாவற்றுக்கும் என் ஏற்பாடுதான். அதற்கு முந்தின நாள், மூடின குடோனில் நாள் பூராவும் நிற்காமல் ஓடுகிறதா என்று பார்த்துவிட நினைத்தேன். ஷட்டரை இறக்கிப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பக்கவாட்டில் இருந்த சின்னக் கதவு மட்டும் திறந்திருந்தது, அதிலும் பிளாஸ்டிக் திரை. மூட்டை தூக்குகிற சின்னராசு லாரியோடு செம்மேட்டுக்குப் போயிருந்தான். நான் கதவுக்கு வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்து என்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் குளிரில் ஏன் வெளியே உட்கார்ந்தாய் என்று கேட்டீர்கள். உள்ளே இருந்தால் எனக்கும் தலை வலிக்கும்.

சாப்பாட்டுக்கு முன்னால் பெருமாயி அக்கா திரையை விலக்கிக்கொண்டு வந்தார். நிலையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

"கண்ணு, செத்த நேரம் அந்த ஷட்டரத் தூக்கி உடேன். நெஞ்ச அடைக்கிற மாதிரி இருக்குது."

"இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்குங்கக்கா. நாளைக்கு நானே கொழாய் வச்சுத் தந்துர்றேன்."

"செரி சாமி, நீ சொன்னாச் செரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் சொன்னால் அவர் நம்புவார்.

சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சுச் சத்தம் நின்றுபோயிற்று. எழுந்து போய்த் திரையை விலக்கிப் பார்த்தேன். பெருமாயி அக்கா சல்லடைக்குப் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தார். கலைச்செல்வி சீட்டிலேயே, ஸ்டியரிங்மேல் தலை சாய்த்திருந்தாள். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு இருமல் இல்லை, ஒரு திணறல் இல்லை. அப்படிச் சீராக ஓடி நான் எந்த என்ஜினையும் கேட்டதில்லை.

கலைச்செல்வியின் கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தாள். உதடு அசைந்தது, ஷட்டர் என்றுதான் சொல்லியிருப்பாள். சாவி என் பையில்தான் இருந்தது. என் முதுகுப் பக்கமிருந்து பனி உள்ளே போய்க்கொண்டிருந்தது, அவ்வளவு மிளகும் காய்ந்த மிளகு. நான் அந்தச் சின்னக் கதவையும் சாத்திவிட்டு வந்து கல்லில் உட்கார்ந்தேன்.

அப்போது என் மனதில் என்ன இருந்தது என்று கேட்கிறீர்கள். ஒன்றும் இல்லை, ஐயா. இப்போதும் இல்லை. சின்னராசு வந்து கதவைத் திறந்து இருவரையும் வெளியே இழுத்துப்போட்டு வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டபோது, முதலில் என்ஜினை அணைத்தது நான்தான்.

கதவைச் சாத்தும்போது மணி இரண்டு இருபது. டாக்டரும் அந்த நேரத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாராம், அப்போதே தூக்கி வந்திருந்தால் அந்தப் பெண்ணாவது பிழைத்திருப்பாள் என்று. நேரத்தில் உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம், தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் சுவர்க்கடிகாரம் ஒரு நிமிஷம் பிசகாது. அலறுகிற பெட்டியிலிருந்து கழற்றிய பேட்டரியைத்தான் அதில் போட்டிருக்கிறேன். புதுப் பேட்டரி, வீணாகப் போகக் கூடாது பாருங்கள்.