முருகேஸ்வரியின் இருபத்திரண்டாவது கடிதம்

நீங்கள் கொடுத்த பேனா நன்றாக எழுதுகிறது, ஐயா. நேற்று ஸ்டேஷனில் நான் சொன்னதை உங்கள் ஆட்கள் மலையாளத்தில் எழுதி வாசித்துக் காட்டினார்கள். தவறு என்று சொல்லமாட்டேன். வரிசை மாறியிருந்தது. வண்டன்மேட்டில் பத்தாவது வரை படித்தவன் நான். விஷயத்தை வரிசையாக எழுதத் தெரியும். ஆகவே தமிழில் நானே எழுதித் தருகிறேன்.

என் பெயர் குருசாமி. வயது ஐம்பத்து நான்கு. ஏலக்காய்த் தோட்ட ஆபீஸில் இருபத்தாறு வருஷம் எழுத்து வேலை பார்த்தேன். கம்ப்யூட்டர் வந்த பிறகு, நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதைக்கூட ஆபீஸ் பியூனிடம் சொல்லி அனுப்பினார்கள். என் மனைவி கோமதி மகனோடு தேனியில் இருக்கிறாள். பண்டிகைக்கும் வருவதில்லை.

எங்கள் லயத்தில், ஒரே வரிசைத் தோட்டக் குடியிருப்பில், பதினெட்டு வீடு. ரேஷன் கார்டு, பென்ஷன், பிஎஃப் எதுவானாலும் என்னிடம்தான் எழுத வருவார்கள். அழுதுகொண்டே முன்னுக்குப்பின் சொல்வார்கள். அதை அப்படியே எழுதினால் எந்த ஆபீஸிலும் படிக்கமாட்டார்கள். அழுகையை எடுத்துவிட்டு, தேவையானதைச் சேர்த்து எழுதுவது என் வழக்கம். காகிதம் கைக்கு வந்ததும் போய்விடுவார்கள். நீ எப்படி இருக்கிறாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

என் தம்பி மணிகண்டன் வேலையாட்களை ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டினான். போன மழைக்காலத்தில் சாந்தன்பாறை வளைவில் ஜீப் கவிழ்ந்து இறந்துபோனான். அவன் மனைவி முருகேஸ்வரியும் ஐந்து வயதுப் பெண் குழந்தையும் எனக்கு அடுத்த வீட்டில் இருந்தார்கள். வீடு தம்பி பெயரில் கொடுத்தது, ஆகவே காலிசெய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. முருகேஸ்வரி சாப்பிடுவதை விட்டுவிட்டாள். அப்போதுதான் தொழிலாளர் நலச் சங்கத்திலிருந்து ஷிஜி என்ற பெண் வந்து, போனில் மனநல ஆலோசனைக்கு அவள் பெயரைச் சேர்த்துவிட்டாள். போனிலேயே எழுதி அனுப்பும் கடிதம், வாரம் ஒன்று, ஆறு மாதத்துக்கு இருபத்து நான்கு. திங்கட்கிழமை நாம் அனுப்பினால் புதன்கிழமை பதில் வரும். ஆலோசகர் பவ்யா மேடம், பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். முருகேஸ்வரிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "குருசாமிச் சேட்டன் எழுதிக் கொடுத்தா மதி, அது போதும்" என்று ஷிஜி சங்கத்துப் போனை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

லயத்தில் இதை வைத்துக் கொஞ்சநாள் கேலி நடந்தது. எதிர்வீட்டுப் பெரியம்மாள் தண்ணிக் குழாயடியில் நின்று சொன்னாள். "அழுகுறதுக்கும் டீச்சர் வச்சாச்சு. எனக்கும் ஒண்ணு எழுதிப் போடுங்க. எம் புருஷன் குடிக்கிறான்னு நான் முப்பது வருஷமா ஓசியிலதான அழுதுக்கிட்டிருக்கேன்."

பவ்யா மேடத்தின் முதல் செய்தியில் இரண்டு விஷயம் இருந்தது. ஒன்று, 'இன்று உங்களுக்கு எப்படி இருக்கிறது?' என்ற கேள்வி. அதை நான் மூன்று முறை படித்தேன். இரண்டாவது, உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்று எப்போதாவது தோன்றினால் உடனே எழுதவேண்டும், அன்றைக்கே ஷிஜியை அனுப்பி ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள் என்பது. முதலாவதை முருகேஸ்வரிக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டாவது வெறும் விதிமுறை. அவளைப் பயமுறுத்தும் என்று விட்டுவிட்டேன்.

முதல் இரண்டு கடிதமும் அவள் சொன்னதுதான். சோறு இறங்கவில்லை, ஜீப் சத்தம் கேட்டால் உடம்பு நடுங்குகிறது, அவ்வளவுதான். மூன்றாவது வாரம் அவள் குழந்தைக்குக் காய்ச்சல் என்று வரவில்லை. கடிதம் போகாமல் இருக்கக்கூடாதே என்று நானே ஒரு பக்கம் எழுதினேன். இத்தனை வருஷம் உழைத்த இடத்தில் என்னை ஒரு மனுஷியாக மதிக்கவில்லை, கட்டியவர் பாதியில் விட்டுப் போய்விட்டார் என்று எழுதினேன். அவளுக்கும் பொருந்துகிற மாதிரிதான். புதன்கிழமை பதில் வந்தது. 'உங்கள் கோபம் நியாயமானது. அதை இவ்வளவு நாள் எப்படித் தனியாகச் சுமந்தீர்கள்?' என்று கேட்டிருந்தார். அன்றைக்கு எனக்குக் காப்பி ருசித்தது, ஐயா.

அதற்குப் பிறகு அவள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து சொல்வாள். நான் தலையாட்டிக் குறித்துக்கொள்வேன். திங்கட்கிழமை என்னுடையதை அனுப்புவேன். பதிலை அவளுக்கு வாசித்துக் காட்டுவேன். ஒருதடவை அவள் சந்தேகப்பட்டாள்.

"எனக்குக் கோவமே இல்லையே அத்தான். பயமால்ல இருக்கு."

"அவங்க படிச்சவங்க. உள்ள இருக்கிறது அவங்களுக்குத்தான் தெரியும்" என்றேன்.

யோசித்துவிட்டு, "அப்படியும் இருக்கும்" என்றாள். இரண்டு நாள் கோபப்பட்டுக்கூடப் பார்த்தாள். குழந்தையை அடித்துவிட்டு அழுதாள்.

எழுதுவது சிரமமானால் குரலில் பேசி அனுப்பலாமே என்று பவ்யா மேடம் ஐந்தாவது கடிதத்தில் கேட்டார். எங்கள் பக்கம் சிக்னல் போதாது என்று எழுதினேன். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கு மேலே உள்ள பாறையில் ஏறினால் சிக்னல் உண்டு. ஷிஜியும் இரண்டு தடவை வந்தாள். அவளுக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழுக்கு முருகேஸ்வரி "பரவாயில்லக்கா" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். மிச்சத்தைக் கடிதத்தில் சொல்லிக்கொண்டிருப்பதாக முருகேஸ்வரியின் நினைப்பு.

இனி நீங்கள் கேட்ட வாரம். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் குழந்தையைப் பெரியம்மாளிடம் விட்டுவிட்டுத் தனியாக வந்தாள். உட்காரவில்லை.

"அத்தான், இந்த வாரம் வேற எதுவும் எழுதவேணாம். இதை மட்டும் எழுதிருங்க. எனக்கு இருக்கப் பிடிக்கல. பிள்ளைக்காகத்தான் நின்னுக்கிட்டிருக்கேன். அதுவும் முடியாம போயிருமோன்னு இருக்கு. என்ன செய்யணும்னு அந்தம்மாகிட்டக் கேளுங்க."

எழுதுகிறேன் என்றேன். அவள் போன பிறகு போனை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இதை அனுப்பினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஷிஜி ஜீப்பில் வருவாள், ஆஸ்பத்திரி, டாக்டர், மாத்திரை. கடிதம் நின்றுபோகும். இன்னும் நான்கு கடிதம் மீதி இருந்தது. அதோடு, வேலையை விட்டு அனுப்பிய நாளைப் பற்றி விரிவாக எழுதும்படி பவ்யா மேடம் முந்தின வாரம் கேட்டிருந்தார். நான் ஒன்றரைப் பக்கம் எழுதி முடித்திருந்தேன். நன்றாக வந்திருந்தது. அதை அனுப்பினேன்.

புதன்கிழமை சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் நேரே என் வீட்டு வாசலுக்கு வந்தாள். ஏலக்காய் பறித்த கை, கழுவக்கூட இல்லை.

"எழுதிட்டீங்களா அத்தான்?"

"எழுதிட்டேன்."

"என்ன சொன்னாக?"

ஏதாவது சொல்லவேண்டியிருந்தது. "எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும், பொறுத்துப் போகச் சொல்லியிருக்காங்க" என்றேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

சரியென்று தலையாட்டினாள். வெள்ளிக்கிழமை காலையில் அவள் கதவு திறக்கவில்லை. குழந்தை உள்ளே இருந்து அழுதது. நாங்கள் உடைத்துத் திறந்தபோது நேரம் கடந்துவிட்டது. குழந்தை இப்போது பெரியம்மாள் வீட்டில் இருக்கிறது.

ஒன்றைக் கட்டாயம் பதிவு செய்துகொள்ளவேண்டும். பொறுத்துப் போகச் சொன்னது பவ்யா மேடம் இல்லை. அவர் அப்படி ஒரு வார்த்தை எழுதவே இல்லை. முருகேஸ்வரி கேட்ட கேள்வி அவருக்குப் போய்ச் சேரவே இல்லை. சொன்னது நான். அவரை இதில் இழுத்து அலைக்கழிப்பது முறையில்லை.

அவள் இறந்த பிறகு வந்த திங்கட்கிழமையும் அவள் பெயரில் ஏன் கடிதம் போனது என்று நீங்கள் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். நான் சொல்வதை முழுதாகக் கேட்க இங்கே யாருக்கும் பொறுமை இல்லை. 'இதையெல்லாம் இதற்கு முன்னால் யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா?' என்று பவ்யா மேடம் கடைசியாகக் கேட்டிருந்தார். ஒருவர் அப்படிக் கேட்ட பிறகு பதில் எழுதாமல் இருப்பது மரியாதை இல்லை. இல்லை மேடம், நீங்கள்தான் முதலில் கேட்டீர்கள் என்று எழுதினேன். இப்போது தூக்கம் பரவாயில்லை என்றும் எழுதினேன். முருகேஸ்வரியை நான் மறந்துவிட்டேன் என்று யாரும் சொல்லக்கூடாது என்பதற்காக, அவளுக்கும் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: பக்கத்து வீட்டில் ஒரு சாவு, அதனால் இந்த வாரம் மனசு கொஞ்சம் சரியில்லை.

இப்படிக்கு, முருகேஸ்வரி என்று முடித்தேன்.