மலைநாட்டுக்கு அனுப்பிய படகுகள்

– பள்ளம்... பள்ளம்ங்க!

– தெரியுது. வண்டியை நான் பார்த்துக்கிறேன், நீ அந்த ஃபைலைப் படி. நம்ம அரசாங்கம் இத்தனை வருஷமா வெளிநாட்டுக்கு உதவி உதவின்னு வாரி இறைச்சதுல, நான் பார்க்குற மலைநாடு உருப்பட்டுச்சா, நீ பார்க்குற தீவு உருப்பட்டுச்சான்னு ஆபீஸ் போனதும் டைரக்டர் கேட்பாரு.

– உருப்பட்ட நாட்டோட செக்ஷனை இன்னைக்கே மூடிடுவாரு. சாயங்காலம் நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் வேலையோட வீட்டுக்கு வருவோம். அதையும் சேர்த்துச் சொல்லுங்க.

– அதனாலதான் சொல்றேன், என் நாடு இன்னும் உருப்படலை.

– என் தீவு மட்டும் என்னவாம்? குடிக்கத் தண்ணி இல்லாம தவிக்குது.

– கடல் தண்ணியை நல்ல தண்ணியாக்க மெஷின் குடுத்தோமே?

– குடுத்தோம். பிளக் நம்ம ஊர் பிளக். அவங்க ஊர் சுவத்துல நுழையலை.

– அப்புறம்?

– பிளக்கை மாத்த நிபுணருங்களை அனுப்பினோம். எல்லாம் நம்ம ஆளுங்கதான். கடற்கரை ஓட்டல்ல மூணு மாசம் தங்கி யோசிச்சுட்டு, மாத்தலாம்னு எழுதிக் குடுத்தாங்க.

– பரவாயில்லையே, ஒரு முடிவாவது சொன்னாங்க... என் மலைநாட்டுக்கு நாம படகு அனுப்பினோம்.

– மலைக்கு எதுக்குங்க படகு?

– ஏரிக்கு.

– ஏரி எங்க இருக்கு?

– அடுத்த திட்டத்துல வெட்டுறதா இருந்துச்சு... சிரிக்காதே. நம்ம ஊர் கம்பெனியில படகு விக்காம தேங்கிக் கிடந்துச்சு. அதை வேற எங்கதான் தள்றது?

– என் தீவுக்குத் தள்ளியிருக்கலாம்ல? சுத்திக் கடல்தானே?

– உன் தீவுக்குக் குடுத்தா உன் செக்ஷன் கணக்குல ஏறும். எனக்கென்ன லாபம்?

– நல்ல புருஷன்! சரி, போன மாசம் நேர்ல போனீங்களே, அந்தப் படகையெல்லாம் என்ன பண்ணியிருக்காங்க?

– கவுத்துப் போட்டுக் கூரையாக்கி, வரிசையா பள்ளிக்கூடம் கட்டியிருக்...

– ம்... சொல்லுங்க, சொல்லுங்க. பள்ளிக்கூடமா? வரிசையாவா?

– ஒண்ணே ஒண்ணு. சின்னது. மழை வந்தா ஒழுகும்.

– படகு ஒழுகுமா?

– ...உன்கிட்ட வாயைக் குடுத்துட்டு மீள முடியுமா?

– மீளவே வேணாம். உங்க ஃபோன்ல அங்க எடுத்த படத்தைப் பார்த்தேன். ரோடு வழவழன்னு இருக்கு.

– அது ரன்வே.

– ரன்வேல மாடு படுத்திருக்கு.

– ஏழை நாடும்மா... அப்படித்தான் இருக்கும்.

– நீங்க நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ வேற குடிக்கிறீங்க. விமானம் வழி விட்டுப் போச்சா?

– நீ மட்டும் ரொம்ப யோக்கியமா? நம்ம மந்திரி போன வருஷம் உன் தீவுக்கு எதுக்குப் போனாரு?

– ஆஸ்பத்திரியை ஆய்வு பண்ண.

– ஆய்வு பண்ணப் போனவரு ரெண்டு முட்டியையும் மாத்திட்டு வந்திருக்காரு! இப்போ மாடிப்படி ஏறும்போது நம்மளையே முந்துறாரு.

– ...சிக்னலைப் பார்த்து ஓட்டுங்க.

– எரிஞ்சாத்தானே பார்க்க? கரண்ட் போய் ரெண்டு நாளாச்சு.

– என்னங்க... ஒண்ணு சொல்லட்டுமா? கோபப்படக் கூடாது.

– சொல்லு.

– நேத்தே டைரக்டரைத் தனியா பார்த்துப் பேசிட்டேன். என் செக்ஷனையே மூடிடுங்கன்னு.

– என்னது! உயிரைக் குடுத்துப் பார்த்த வேலையாச்சே!

– என் வீட்டுக்காரருக்கு மலைநாடுன்னா பெத்த பிள்ளை மாதிரி, அது அவர்கிட்டயே இருக்கட்டும்னு சொல்லிட்டேன்.

– இரு... வண்டியை ஓரமா நிறுத்துறேன்.

– ஏன், அழறீங்களா?

– வெக்கமா இருக்கு. நீ எனக்காக வேலையையே விட்டிருக்கே. நான் கட்டின பெண்டாட்டிகிட்டயே மறைச்சுட்டேன்...

– என்னத்த மறைச்சீங்க?

– மலைநாடு இனிமே உதவி வாங்காது. குடுக்கப் போகுது. நம்ம ஊர்லயே ஆபீஸ் திறக்குறாங்க. அடுத்த மாசம் நான் அங்க சேருறேன்.

– அப்புறம் எதுக்கு இவ்வளவு நேரம் ரன்வே, ஒழுகல்னு கதை அளந்தீங்க?

– அதுவரைக்கும் இந்தச் செக்ஷன் உயிரோட இருக்கணுமே. அந்தப் புது ஆபீஸ்ல காலியா இருந்ததும் ஒரே ஒரு வேலைதான்... சொன்னா நீயும் மனு போட்டுடுவியோன்னு பயந்துட்டேன். மன்னிச்சுடும்மா.

– அது கிடக்கட்டும். எந்த நாட்டுக்கு உதவி பண்ற செக்ஷன்?

– ...நம்ம நாட்டுக்கு.

– ஹ... ஹஹ்ஹா!

– ஏன் இப்படிச் சிரிக்கிறே? நான் இங்க உருகிட்டு இருக்கேன்!

– கண்ணைத் துடைச்சுட்டு வண்டியை எடுங்க... என் தீவும் உதவி குடுக்க இங்க ஆபீஸ் திறந்திருக்கு, நாளைக்கே வந்து சேரச் சொல்லியிருக்காங்க, அதான் செக்ஷனை மூடச் சொன்னேன். எனக்கும் நம்ம நாட்டைத்தான் குடுத்திருக்காங்க, உங்க மலைநாடு குடுக்குறதைவிட ஒரு ரூபாயாவது கூடக் குடுக்காம விட மாட்டேன்!