மூன்றாம் தறியின் கோடு

மூன்றாம் தறியில் நெய்த புடவைகளில் மட்டும் குறுக்கே ஒரு மெல்லிய கோடு ஏன் விழுகிறது என்று எனக்கு இரண்டு மாதமாகப் புரியவில்லை. கையால் தடவினால் தெரியாது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால்தான் தெரியும். குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவை மாற்றினேன். பல்சக்கரத்தைக் கழற்றித் துடைத்தேன். மோட்டாரைப் பார்க்க ஆள் கூட்டிவந்தேன். கோடு போகவில்லை.

என் மேசையில் இருந்த புத்தகங்களைப் பற்றிக் கேட்டீர்கள். அதைச் சொல்ல இங்கிருந்துதான் தொடங்க வேண்டும், சார்.

வேலை, வாழ்க்கை பற்றி இப்போது நிறையப் புத்தகங்கள் வருகின்றன. ஆரணியில் ஆறு விசைத்தறி ஓட்டுகிறவனுக்கு அவை எதற்கு என்று கேட்பார்கள். எனக்குப் பிடிக்கும். இந்த வருடம் மூன்று வாங்கினேன். முதல் புத்தகம் ஒரே விஷயத்தைப் பதினான்கு அத்தியாயமாக இழுக்கிறது. ஆனால் விஷயம் சரியானது: ஒரு தவறு திரும்பத் திரும்ப வந்தால் அதன் இடைவெளியை அளந்து பார். அளந்தேன். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே தறி ஒரு மணி நேரத்தில் நெய்யும் நீளம் இருந்தது. தறியை நிறுத்தி மறுபடி ஓட்டும்போது, நின்ற இடத்தில் ஊடை நூல், அதாவது குறுக்கு நூல், சற்று விலகி விழும். அதுதான் கோடு. ஆக, யாரோ மணிக்கொரு தரம் தறியை நிறுத்துகிறார்கள்.

அது மூன்றாம் தறியை ஓட்டும் லோகநாதன். அவன் மனைவி கமலத்துக்கு மூச்சிரைப்பு. மார்ச்சில் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவள். பகலில் வீட்டில் தனியாக இருப்பாள். தறிச் சத்தத்தில் போன் அடித்தால் கேட்காது என்பதால், இவனே தறியை நிறுத்திவிட்டு வெளியே போய் அவளைக் கூப்பிடுவான். "ஊட்டுக்காரம்மாகிட்ட மணிக்கொரு தரம் ஹாஜர் குடுத்துகினு கீறாரு" என்பாள், குச்சியில் நூல் சுற்றும் லாவண்யா. அவனும் சிரிப்பான்.

இரண்டாவது புத்தகம், ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு மலையடிவாரத்தில் குடியேறிய ஒரு அம்மாள் எழுதியது. வீடு கூப்பிட்டால் வேலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போ என்கிறார். நல்ல நடை. "இவருக்குத் தறி இல்லை" என்று பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேன், பார்த்திருப்பீர்கள்.

மூன்றாவதுதான் உபயோகமானது. கவனம் உடையும் இடத்தில்தான் வேலை கெடுகிறது என்கிறது. போன்களைப் போட்டுவைக்க ஒரு பெட்டி வை என்கிறது. பூட்டுள்ள தகரப் பெட்டி வாங்கி என் அறையில் வைத்தேன். புடவையை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து எல்லாருக்கும் பொறுமையாக விளக்கினேன். தன் கோட்டைத் தானே பார்த்ததும் லோகநாதன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அவ கூப்ட்டா, அண்ணா?"

"நான் பெட்டி பக்கத்துலதான உக்காந்துகினு இருக்கேன். அடிச்சா நானே வந்து சொல்றேன்."

பதினோரு நாள் கோடு விழவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை அவன் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். "இன்னிக்கி மட்டும் எங்கிட்டயே இருக்கட்டுங்க. காலைலேர்ந்து அவளுக்கு மூச்சு இழுத்துகினு இருக்குது." ஒருவனுக்கு விட்டால் ஆறு பேருக்கும் விட வேண்டும் என்று எடுத்துச் சொன்னேன். நான் கொடுத்த வாக்கையும் நினைவுபடுத்தினேன். போனைப் பெட்டியில் போட்டான்.

பதினொன்று பத்துக்கு அடித்தது. திறந்து பார்த்தேன். கமலம். தறியில் கல்யாணப் புடவை. முந்தானை தொடங்க இன்னும் முப்பத்தைந்து நிமிடம் இருந்தது. முந்தானையில் ஜரிகை அடர்த்தி என்பதால் அங்கே நிறுத்தினால் கோடு தெரியாது. அதுவரை பொறுப்பதுதான் முறை.

நான் எழுந்திருக்கவே இல்லை என்று நினைக்காதீர்கள். கதவு வரை போனேன். தறிகள் ஓடும்போது நாங்கள் பேசுவது கையால்தான். லோகநாதன் திரும்பிப் பார்த்தான். கட்டை விரலையும் சுண்டு விரலையும் விரித்துக் காதருகே வைத்துக் காட்டினான். நான் இல்லை என்று கையை ஆட்டினேன். அவன் நெஞ்சில் கை வைத்துச் சிரித்துவிட்டுத் துணிப்பக்கம் திரும்பிக்கொண்டான். என் அறையில் அப்போதும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஓடுகிற தறியைப் புடவையின் உடல் பகுதி நடுவில் நிறுத்த என் கைக்கு வராது, சார். என்னால் வேறு என்ன செய்ய முடியும்?

முந்தானை தொடங்கியதும் நானே போய்த் தறியை நிறுத்தி, போனைக் கொடுத்தேன். பத்தொன்பது அழைப்பு. செருப்புப் போடாமல் ஓடினான். கமலம் வாசற்படி வரை தவழ்ந்து வந்திருந்தாளாம். கையில் போன் இருந்ததாம். அரை மணி முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னதை நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள்.

பத்தொன்பது தடவையும் நான் கேட்டேன். பெயரைப் பார்த்தேன். இல்லை என்று கை ஆட்டினேன். வாக்குமூலத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தப் புடவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கோடு இல்லை. முறையில் ஒரே ஒரு குறைதான் இருந்தது, அதுவும் இப்போது பிடிபட்டுவிட்டது. பெட்டியில் போடுவதற்கு முன் எல்லாருடைய போனையும் அணைத்துவிட வேண்டும்.