மாற்றுச் சாவி

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல் சார். பரவாயில்லை, குடித்துவிடுகிறேன்.

என் பெயர் சுப்புராயன். முப்பது வருடம் இதே விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் பியூஸ் கட்டைகளைச் சோதித்துப் பார்க்கும் வேலை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, பின்தெருவில் ஓர் ஓட்டு வீடு வாங்கி வாடகைக்கு விட்டேன். பாஞ்சாலையும் அவள் புருஷன் திருமாலும் குடிவந்தார்கள். வாடகை ஒரு நாளும் தள்ளிப்போனதில்லை. தங்கமான ஜனங்கள்.

எனக்குப் பயம்தான் சார். பன்னிரண்டு வருடம் விடாமல் குடியிருந்தால் வீடு குடியிருப்பவனுக்கே போய்விடும், கருவேப்பிலங்குறிச்சியில் அப்படி ஒருவருக்குப் போய்விட்டது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வக்கீலைக் கேட்டிருக்கலாம். ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று அதற்கும் பயம்.

நானே ஒரு வழி செய்தேன். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை சாமான்களை வாசலில் இறக்கச் சொல்லி, வீட்டைப் பூட்டிச் சாவியை வாங்கிக்கொள்வேன். மறுநாள் காலை புதிதாகக் குடிவருகிற மாதிரி பால் காய்ச்சி உள்ளே போவார்கள். பாஞ்சாலை சிரித்துக்கொண்டே எனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து கொடுப்பாள்.

போன வருடம் திருமாலுக்குப் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகிவிட்டான். இந்த முறை வீட்டைக் காலி செய்து பூட்ட அவள் சம்மதிக்கவில்லை.

"இவர எப்படிங்கய்யா தூக்கியாந்து வெளிய போடறது? இந்த ஒரு வாட்டி வுட்டுடுங்க. இது எங்க வூடு மாதிரி. வேற எங்க போவப்போறோம்?"

வருகிற தையோடு அவர்கள் குடிவந்து பன்னிரண்டு வருடம். ஒரு தடவை விட்டால் முன்பு காய்ச்சிய பாலெல்லாம் செல்லாமல் போகும் என்று தோன்றியது.

அந்த வாரமே பியூஸ் அடிக்கடி போகிறது என்று கூப்பிட்டாள். மேலே ஒயர் பழசு, எங்கோ உரசுகிறது. கம்பி உருகி அறுந்தால்தான் வீடு தப்பிக்கும். பியூஸ் இருப்பதே அதற்குத்தான், எனக்குத் தெரியாதா? தடித்த செம்புக் கம்பியாகச் சுற்றி மாட்டினேன்.

"இனிமே போவாதும்மா."

"புண்ணியமாப் போவும்யா. ஃபேன் நின்னா இவருக்கு மூச்சு முட்டுது."

கட்டிலில் கிடந்த திருமால், நல்லாயிருந்த ஒரு கையை நெஞ்சுக்குக் கொண்டுபோய்க் கும்பிட்டான்.

கொஞ்சம் புகையும், பயந்து காலி செய்துவிடுவார்கள். அவ்வளவுதான் நினைத்தேன். பாஞ்சாலை பகலில் பொம்மைக் கம்பெனி வேலைக்குப் போய்விடுவாள், அவளுக்கு ஒன்றும் ஆகாது என்றுகூட யோசித்தேன். ஈவு இரக்கம் இல்லாதவன் இல்லை நான்.

ஒன்பதாம் நாள் காலை பதினோரு மணிக்கு ஓட்டுக்கு இடையிலிருந்து புகை வந்தது. தினமும் அந்த நேரத்தில் தெருமுனையில் போய் நிற்பேன், அன்றும் நின்றேன். அவள் வழக்கம்போல வெளியே பூட்டிக்கொண்டு போயிருந்தாள். மாற்றுச் சாவி என் சட்டைப்பையில் இருந்தது. உள்ளே அவன் சத்தம் கேட்டது. அவனுக்குப் பேச்சு வராது சார், வெறும் சத்தம்தான். கதவைத் திறந்துவிட்டால் அவனைத் திரும்பவும் அங்கேதானே படுக்க வைப்பார்கள் என்று நினைத்தேன். சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டு ராஜம்மாள் ஓடிவந்து, சாவி இருக்கா என்று கேட்டாள். இல்லை என்றேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது.

திருமாலைக் கொன்றது நான்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். சரிதான், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் மூன்றாவது வரியில் 'பாஞ்சாலையின் வீடு' என்று இருக்கிறது. அதை மட்டும் அடித்து என் பெயரை எழுதிவிடுங்கள். பன்னிரண்டு முடிய இன்னும் நாற்பது நாள் இருக்கிறது சார்.